பறைக்கும் ஆலயத்தில் இடம் வேண்டும்

பம்மலில் எங்கள் சபையில் கீபோர்டு உண்டு, கிட்டார் உண்டு, ரிதம் பேடும் உண்டு. பறை என்றால் மட்டும், "அது சாவுக்கு அடிக்கிறதுப்பா" என்கிறார்கள் பெரியவர்கள்.

150ஆம் சங்கீதம் எக்காளம், யாழ், குழல், கைத்தாளம் என எல்லாவற்றையும் கூப்பிடுகிறது. கருவியே வேண்டாம், குரல் போதும் என்று பாடும் சபைகளும் உண்டு; அந்த நியாயத்தை மதிக்கிறேன், எல்லாக் கருவிக்கும் அது ஒன்றுதான். எங்கள் மறுப்போ அடிப்பவரின் சாதியைப் பார்க்கிறது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்து, 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டு முறை அமைத்தார். பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். தீயில் காய்ச்சிய தோலில் குச்சி விழும்போது நெஞ்சு அதிரும். உயிர்த்தெழுதலை அறிவிக்க அதைவிடப் பொருத்தமான ஓசை எது? வரும் ஈஸ்டர் விடியற்கால ஆராதனையிலேயே சபைக் கமிட்டி அதை அனுமதிக்க வேண்டும்.