கட்டுமுன் அளத்தல்

நகரங்களில் ஜனத்தொகை பெருகப் பெருக வீடுகளின் தேவையும் பெருகுவது இயல்பு. அத்தேவையை நிறைவேற்றுவது அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு வீடு கட்டுவதற்கும் ஐந்நூறு வீடுகளை ஒரே இடத்தில் கட்டுவதற்கும் பெரும் வேற்றுமை உண்டு. ஒரு வீட்டின் கழிவு நீரை அதன் கொல்லைப்புறத்து மண்ணே ஏற்றுக்கொள்ளும். ஐந்நூறு வீடுகளின் கழிவு நீரையோ அருகிலுள்ள ஓடை சுமக்க நேரிடும். இவ்வேற்றுமையை முன்கூட்டியே கணக்கிட்டு, அதன் பின்னரே அனுமதி அளித்தல் வேண்டும் என்பதே சுற்றுச்சூழல் மதிப்பீட்டின் நோக்கமாகும்.

2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடத் திட்டங்கள், வேலை தொடங்குமுன் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டுமென விதித்தது. 1,50,000 சதுர மீட்டரை எட்டும் திட்டங்களும், 50 ஹெக்டேரை எட்டும் நகரமைப்புத் திட்டங்களும் விரிவான மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்க வேண்டும். ஆகவே, எத்திட்டம் எவ்வளவு நுணுக்கமாக ஆராயப்படும் என்பது முதற்கண் அதன் பரப்பைப் பொறுத்தே அமைகிறது. அப்பரப்பை எவ்வாறு அளப்பது என்ற வினா சிறிதாகத் தோன்றலாம். அது சிறிய வினா அன்று என்பதைப் புனே நகரின் அனுபவம் காட்டுகிறது.

புனேயின் தென்மேற்குப் பகுதியில், சிங்ககட் சாலையை அடுத்த வட்காவ் புத்ருக்கில், கோயல் கங்கா டெவலப்பர்ஸ் என்னும் நிறுவனத்தின் குடியிருப்புத் திட்டத்திற்கு 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் அனுமதி வழங்கப்பட்டது. 12 கட்டடங்கள், 552 வீடுகள், கடைகள், அலுவலகங்கள் ஆகியவற்றுக்காக 57,658 சதுர மீட்டர் பரப்பே அதில் குறிக்கப்பட்டிருந்தது. எழுப்பப்பட்ட வீடுகளோ 807. இவ்வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திற்கும், பின்னர் உச்ச நீதிமன்றத்திற்கும் சென்றது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், 100 கோடி ரூபாய் அல்லது திட்டச் செலவில் பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அதனை இழப்பீடாகச் செலுத்துமாறு நிறுவனத்திற்கு உத்தரவிட்டது. மேலும் கட்டக் கருதியிருந்த இரு கட்டடங்களுக்கும் இசைவு மறுத்தது.

வழக்கின் மையத்தில் இருந்தது ‘கட்டுமானப் பரப்பு’ என்ற சொற்றொடர். மாநகராட்சி விதிகளின்படி தளப் பரப்பைக் கணக்கிடும்போது வாகன நிறுத்துமிடம், மாடிப்படி போன்ற சில பகுதிகள் விலக்கப்படுவதுண்டு. அக்கணக்கையே சுற்றுச்சூழல் அனுமதிக்கும் கொள்ளவேண்டும் என்று நிறுவனம் வாதாடியது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கூரையிட்டு மூடப்பட்ட பரப்பு யாவும் கணக்கில் சேரும் என்று தெளிவாக்கியது. சட்டச் சொற்களைத் தமிழாக்கும் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டுள்ள எனக்கு இது மிகவும் பொருத்தமாகப் படுகிறது. நகர அமைப்பாளரின் ஒரு சொல்லும் சூழலியலாரின் அதே சொல்லும் ஒரே பொருளைக் குறிக்கும் என்று கொள்வதற்கில்லை. எந்தச் சிமெண்டுத் தளமும், கணக்கில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், மணலையும் தண்ணீரையும் உண்டே எழுகிறது.

அதிகப்படியான 255 வீடுகளின் பளுவை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு ஐவர் எனவும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனவும் வைத்துக்கொண்டால், தேவைப்படும் தண்ணீர் நாள்தோறும் சுமார் 1,72,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பதினேழு வந்தாலும் இதற்குப் போதா. இத்தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவு நீராகத் திரும்புமெனில், அதுவே சுமார் 1,38,000 லிட்டராகும். 552 வீடுகளுக்கென வகுத்த குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் இதனைத் தாங்குமா என்பதே கேள்வி. மழை நீரின் நிலையும் இத்தகையதே. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 5,00,000 லிட்டர். உழுத வயல் அதில் கணிசமான பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டுத் தரையோ பெரும்பாலும் ஓடைக்கே தள்ளிவிடும்.

ஓடைகள் நெரிக்கப்பட்டால் நேர்வதென்ன என்பதை அதே நகரின் வேறொரு பகுதி கண்டது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி இரவு, காத்ரஜ் பக்கத்துக் குன்றுகளினின்று இறங்கும் அம்பில் ஓடையில் வெள்ளம் புரண்டு உயிர்ச்சேதம் விளைத்தது. அவ்வெள்ளத்திற்கு மேற்கூறிய குடியிருப்பு காரணமன்று. ஆயினும் நீரின் வழி சுருங்கிய நகரில் ஒவ்வொரு புதிய கட்டடமும் எவ்வளவு கவனத்துடன் ஆராயப்பட வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது.

அபராதம் மதிப்பீட்டிற்கு ஈடாகாது என்பது என் துணிபு. வட்காவ் வழக்கில் கட்டி முடிந்த வீடுகளை இடிக்க நீதிமன்றம் உத்தரவிடவில்லை. உத்தரவிட்டிருந்தால் துன்புறுவோர் வீடு வாங்கியவர்களே. அனுமதிக்கு மேற்பட்ட தளம் எழுந்தபின் எந்தத் தீர்ப்பும் ஒருவருக்கேனும் தீங்கிழைக்காமல் இரா. பணத்தால் ஓடையின் பழைய கரையை மீட்பதும் எளிதன்று. இதனால் காலத்தில் அளத்தலே சிறந்தது.

மேலும், கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என 2006 அறிவிக்கை விலக்களித்துள்ளது. ஓடையின் போக்கை நன்கு அறிந்தவர்கள் அதன் கரையில் வாழ்வோரே. அவர்களைக் கேளாமல் செய்யும் மதிப்பீடு குறையுடையது. மிகப் பெரிய திட்டங்களுக்கேனும் இவ்விலக்கை நீக்குவது நலம்.

அதுகாறும் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்க பணி உண்டு. அனுமதி பெற்றவர் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அளிக்கவேண்டிய நிறைவேற்ற அறிக்கைகள் பொது ஆவணங்களாகும். கள ஊழியர்கள் அவற்றைப் பெற்று, எழுந்துள்ள தளங்களை எண்ணி ஒப்பிடலாம். அருகிலுள்ள ஓடையைக் கோடையில் ஒரு முறையும் மழைக்காலத்தில் ஒரு முறையும் சென்று பார்த்துக் குறித்துவைக்கலாம். ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கைத் தம் ஊர்க் கட்டடங்களுக்குப் பொருத்தி மாணவர்களைக் கொண்டு செய்விக்கலாம். பெருக்கல் அறிந்த எந்த மாணவனும் இதனைச் செய்யக்கூடும். அக்கணக்கு அஸ்திவாரம் தோண்டுமுன் செய்யப்படுமாயின் அதனால் விளையும் நன்மை பெரிது.