செம்பருத்தி வேலியில் வெள்ளை மாவு

கேள்வி: வீட்டைச் சுற்றிச் செம்பருத்தி வேலி வைத்திருக்கிறோம். ஒரு மாதமாகக் கொழுந்து சுருண்டு, இலைக்கு அடியில் பஞ்சு போல அப்பிக்கிடக்கிறது. எறும்பும் ஏறுகிறது. வேலியை ஒட்டி அரை ஏக்கர் பப்பாளி, இப்போதுதான் பிஞ்சு விடுகிறது. வேலியைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். கடையில் மருந்து வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் அடிக்கவில்லை.
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம் பக்கம்

பதில்: அடிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று அம்மா. வேலியையும் பிடுங்க வேண்டாம். இது மாவுப்பூச்சி. எந்த மாவுப்பூச்சி என்று முதலில் பாருங்கள்.

நாலைந்து கொழுந்தைக் கிள்ளி வெள்ளைத் தாளில் வைத்து, ஒரு பூச்சியின் மாவை ஈர்க்குச்சியால் தள்ளிவிட்டு நசுக்குங்கள். இளஞ்சிவப்பாக நீர் வந்தால் செம்பருத்தி மாவுப்பூச்சி; பக்கத்தில் வெண்டை இருந்தால் அதைக் கவனியுங்கள். மஞ்சளாக வந்தால் பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோவைப் பக்கம் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பாழாக்கியது இதுதான். மருந்துக்கு அடங்காத அதை, 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற பொடிக் குளவி அடக்கியது. பூச்சிகள் உப்பி, பழுப்பாகி, துளை விழுந்து கிடந்தால் குளவி உங்கள் வேலியிலும் இருக்கிறது. கடை மருந்து முதலில் கொல்வது அதைத்தான்.

அதே தாளில் மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, வெள்ளை இழைகளோடு ஒன்று வேகமாக ஓடினால் நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. நானும் ஒரு காலத்தில் தெரியாமல் நசுக்கியவன்தான்.

துளை விழுந்த பூச்சிகள் நிறைய இருந்தால் கொழுந்தை வெட்டாமல் விடுங்கள். இல்லையென்றால் மோசமான கொழுந்துகளை வெட்டி, சாக்கில் போட்டு எடுத்துப் போய் எரியுங்கள். வாய்க்காலில் வீசினால் தண்ணீரோடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். பிறகு லிட்டர் தண்ணீருக்கு வேப்ப எண்ணெய் 20 மி.லி., கொஞ்சம் காதி சோப்பு கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் வேலிக்கு அடியுங்கள். பத்து நாளில் இன்னொரு முறை. பப்பாளிக்கும் தேவைப்பட்டால் ஒரு மரத்தில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். அதன் இலை எண்ணெயில் கருகக்கூடும்.

எறும்பை விட்டுவிடாதீர்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக, குளவியையும் வண்டையும் விரட்டுவது அதுதான். புற்றில் கொதிநீர் ஊற்றுங்கள். வேலிக் கிளை பப்பாளி மேல் உரசாதபடி கழித்துவிடுங்கள். குளவி கண்ணில் படவே இல்லையென்றால், பூச்சி உள்ள கொழுந்தைப் பையில் கட்டி, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.