பல்லி அல்ல, ஹார்ட் டிஸ்க்!

மயிலாடுதுறையில் இருக்கும் என் அத்தைக்கு எழுபது வயது. கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, ஆன் செய்வது. இன்னொன்று, 'மாமா' என்று பெயர் வைத்த ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது. காலமான மாமாவின் போட்டோக்களும், மகளின் வளைகாப்பு வீடியோவும் அதில் இருந்தன. அந்த வீடியோவின் ஏழாவது நிமிடத்தில் மாமா சமையல்காரரைப் பார்த்து, "தம்பி, பாயசத்துல முந்திரி கண்ணுலயே படலையே!" என்பார். மாமாவின் குரல் பதிவாகியிருந்தது அந்த ஒரே இடத்தில்தான்.

சென்ற ஐப்பசியில் அத்தை போன் செய்தார். "டேய், அந்த டப்பா ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருக்குடா. மாமா போட்டோ பாதிதான் தெரியுது. கீழ்ப்பாதி சாம்பல் கலர்ல இருக்கு."

"வேற ஏதாவது சத்தம் கேட்டுச்சா அத்தை?"

"ஒரு மாசமாவே மேஜைக்குப் பின்னாடி டிக், டிக்னு கேக்குது. பல்லின்னு நெனச்சேன். நல்லது நடக்கப் போகுதுன்னு சந்தோஷமா வேற இருந்தேன்!"

அந்தப் பல்லி சொன்ன பலனைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை அவை சுற்றும். தட்டைத் தொடாமல், ஆனால் கிட்டத்தட்ட தொடும் தூரத்தில், ஒரு சின்ன முனை பறந்தபடி படிக்கும். ஹெட் என்பார்கள். இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறும்போது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி முயலும். சீராக, ஒரே தாளத்தில் வரும் 'டிக், டிக்' அதுதான். ஃபைல் காப்பி ஆகும்போது வரும் லேசான 'கர கர' சாதாரண சத்தம், பயப்பட வேண்டாம். உலோகம் உரசுவது போல 'க்ரீச்' என்று கேட்டால் மட்டும் ஒரு நொடிகூட யோசிக்காமல் கம்ப்யூட்டரை நிறுத்திவிடுங்கள். ஹெட் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். சுரண்டிய இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது.

கையடக்க ஹார்ட் டிஸ்க் 'பீப்' என்று முனகினால், முதலில் கேபிளையும் யுஎஸ்பி துளையையும் மாற்றிப் பாருங்கள். சில நேரம் மின்சாரம் போதாமல்தான் அப்படி அழும்.

சத்தம் வராமலும் சாகும் டிஸ்க்குகள் உண்டு. அவற்றின் அறிகுறி வேகத்தில் தெரியும். இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். பழைய கம்ப்யூட்டர் எப்போதுமே மெதுவாகத்தான் இருக்கும். அது நோய் அல்ல, மூப்பு. ஆனால் மற்ற ஃபோல்டர்கள் எல்லாம் ஒழுங்காகத் திறக்க, ஒரே ஒரு ஃபோல்டரைத் தொட்டால் மட்டும் ஒவ்வொரு முறையும் உறைந்து நின்றால் சந்தேகப்படுங்கள். டிஸ்க் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தோற்கிறது என்று அர்த்தம். அத்தை பார்த்த சாம்பல் நிறப் பாதியும், ஃபைல் பெயர்கள் கிறுக்கலாக மாறுவதும், நேற்றுவரை திறந்த டிரைவ் இன்று 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்பதும் இதே கதைதான். அந்தக் கேள்விக்கு மட்டும் 'சரி' சொல்லிவிடாதீர்கள்.

டிஸ்க்கின் உடல்நிலையை அதனிடமே கேட்கலாம். ஒவ்வொரு டிஸ்க்கும் 'ஸ்மார்ட்' என்ற பெயரில் தன் நோய்க் குறிப்பைத் தானே எழுதிக்கொள்கிறது. அதைப் படிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. நிறத்தோடு நின்றுவிடாமல் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். தட்டில் ஓர் இடம் கெட்டால், டிஸ்க் கையிருப்பில் இருக்கும் வேறொரு நல்ல இடத்தை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது மாதிரி. 05 என்பது இதுவரை போட்ட ஒட்டுகளின் எண்ணிக்கை. சி5, நைந்துபோய் ஒட்டுக்காகக் காத்திருக்கும் இடங்கள். சி6, படிக்கவே முடியாமல் போனவை. மூன்றிலும் கடைசிப் பத்தியில் வெறும் பூஜ்யங்கள் இருந்தால் நிம்மதி. வாரா வாரம் எண் ஏறினால் புது டிஸ்க்குக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டியதுதான். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி; கேபிளை மாற்றினால் எண் மேலும் ஏறாமல் நிற்கும்.

'நீலம்தானே காட்டுகிறது' என்று காலாட்டிக்கொண்டும் இருக்க முடியாது. 2007ல் கூகுள் தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. பரிசோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களில் செயலிழக்க 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்றது. அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருந்தது. செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போய்ச் சேர்ந்தன. எச்சரித்தால் நம்புங்கள். எச்சரிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள்.

மயிலாடுதுறைக்கு வருவோம். "அப்படியே ஆஃப் பண்ணிடுங்க அத்தை, ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றுதான் சொன்னேன். ஆனால், நடுவில் அத்தையின் மகன் ஊருக்கு வந்தார். எனக்கு அத்தான் முறை. நல்ல மனுஷன், ஆனால் கை சும்மா இருக்காது. இணையத்தில் பார்த்து, டிஸ்க்கைச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அது டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் படிக்கும், சரிசெய்கிறேன் என்று எழுதவும் செய்யும். நெஞ்சுவலிக்காரரை மாடிப்படி ஏறவிட்டுச் சோதிப்பது போன்ற வேலை. காலையில் டிஸ்க் கம்ப்யூட்டரின் கண்ணுக்கே தெரியவில்லை.

அத்தானைக் குறை சொல்லி என்ன பயன்? நம்மில் பலரும் செய்வது அதுதான். முதலில் காரணம் தேடுவோம், பிறகு காப்பி எடுக்கலாம் என்று நினைப்போம். செய்ய வேண்டியது நேர் எதிர். சந்தேகம் வந்த நிமிடமே வேறொரு டிஸ்க்கையோ பென் டிரைவையோ செருகி, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். சினிமாவும் மென்பொருளும் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். மொத்தமாக இழுக்காமல் ஒவ்வொரு ஃபோல்டராக எடுங்கள். ஒரு ஃபைலில் சிக்கினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நோயாளி டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். சோதனை எல்லாம் காப்பி முடிந்த பிறகு.

'டிக், டிக்' ஆரம்பித்துவிட்டால் அதுவும் வேண்டாம். அணைத்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி, டேட்டா மீட்பு மையத்துக்குக் கொண்டு போங்கள். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொல்வார்கள். வெளியே எடுத்ததும் தட்டின் மேல் நீர் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் வேண்டாம். வீட்டுத் தூசி ஒன்று போதும், மிச்சமிருப்பதையும் முடித்துவிட.

புது லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் எஸ்எஸ்டி. அதில் சுற்றும் தட்டு இல்லை, சத்தமும் இல்லை. சில சமயம் படிக்க மட்டும் விட்டு, எழுத விடாமல் அடம்பிடிக்கும். சில சமயம் அந்தச் சலுகைகூட இல்லாமல் திடீரென்று காணாமல் போகும். அங்கே காது உதவாது, காப்பிதான் உதவும். 'நான் போன் மட்டும்தானே வைத்திருக்கிறேன்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பழைய போனின் படங்களை எங்கே போட்டு வைத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அத்தையின் டிஸ்க் சென்னையில் ஒரு மீட்பு மையத்துக்குப் போனது. ஹெட்டை மாற்றினார்கள். செலவு கிட்டத்தட்ட ஒரு லேப்டாப் விலை. போட்டோக்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. வளைகாப்பு வீடியோவும் வந்தது. ஆனால், நான்காவது நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

இப்போது அத்தையிடம் போட்டோக்கள் இரண்டு டிஸ்க்குகளில் இருக்கின்றன. மூன்றாவது பிரதி மகள் வீட்டு பீரோவில். "மாசத்துக்கு ஒருநாள் காப்பி எடுக்கணும் அத்தை, மறக்கக் கூடாது" என்றதும், "அமாவாசைன்னு வெச்சுக்கலாமாடா?" என்று கேட்டார். அன்றைக்கு அத்தான் தர்ப்பணம் கொடுக்க எப்படியும் ஊருக்கு வந்துவிடுவார். மாமாவுக்கு இலை போட்டு, எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும், அவர்தான் டிஸ்க்கைச் செருகுகிறார்.