வாயற்ற ஜீவனை யாரிடம் ஒப்படைப்பது?

“நாங்கள் வேலைக்குச் செல்லும் நேரத்தில் நாயைப் பணம் கொடுத்துப் பகல் காப்பகத்தில் விடலாமா? அது நாய்க்கு நன்மை தருமா? கிறிஸ்தவக் குடும்பத்திற்கு இச்செலவு தகுமா?” அண்மைக் காலத்தில் பங்குக் குடும்பங்கள் சில எழுப்பிவரும் வினாக்கள் இவை. இவற்றைக் கேட்டு நகைப்போரும் உண்டு. ஆயினும், தன் பொறுப்பிலுள்ள ஓர் உயிரைப் பற்றிக் குடும்பம் கவலைகொள்வது நகைப்புக்குரியதன்று.

1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது முதல் நெய்வேலியின் வாழ்க்கை ஷிப்டுக் கணக்கில் ஓடுகிறது. முன்பெல்லாம் தந்தை சுரங்கத்திற்கோ அனல் மின் நிலையத்திற்கோ சென்றால், பெரும்பாலும் தாய் இல்லத்தில் இருந்தார். குவார்ட்டர்ஸைச் சுற்றித் தோட்டமும் இருந்தது. நாய்க்குத் தனிமை தெரியாது. இன்றோ பல இல்லங்களில் கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்கின்றனர். பிள்ளைகளோ சென்னையிலும் பெங்களூருவிலும் அடுக்குமாடி வீடுகளில் நாய் வளர்க்கின்றனர். அத்தகைய பெருநகரங்களில்தான் பகல் காப்பகங்கள் ஒரு தொழிலாகவே நடைபெறுகின்றன.

திருச்சபை இதைப்பற்றி என்ன கருதுகிறது? தோபித்து ஆகமத்தில், இளைஞன் தோபியா இரபேல் வானதூதருடன் நெடும்பயணம் புறப்பட்டபோது, அவனுடைய நாயும் உடன் சென்றதைக் காண்கிறோம். ஓய்வு நாளில் மனிதன் மட்டுமன்றி மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டுமென்று யாத்திராகமம் கட்டளையிடுகிறது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டு உண்மைகளைச் சேர்த்தே கற்பிக்கிறது: விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றிற்கு நாம் இரக்கம் காட்டக் கடமைப்பட்டவர்கள், ஆனால் மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றுக்காகச் செலவிடுதல் தகாது. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

பகல் காப்பகம் என்பது காலையில் விட்டு மாலையில் அழைத்து வரும் இடமாகும். இராத்தங்கும் விடுதி வேறு. காப்பகத்தில் பல நாய்கள் ஒன்றுகூடி விளையாடும், பணியாளர் மேற்பார்வையிடுவர். எனவே முதற்கேள்வி, “நமக்கு இது வசதியா?” என்பதன்று, “நம் நாயின் இயல்புக்கு இது ஏற்குமா?” என்பதேயாகும். லாப்ரடார் போன்று பிறரோடு எளிதில் பழகும், ஓடியாடும் இளம் நாய் பெரும்பாலும் அங்கே மகிழ்ந்திருக்கும். 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நம் இராசபாளையம் நாயோ, தன் வீட்டாரிடம் பேரன்பும் அந்நியரிடம் ஐயமும் கொண்டது. அதனைப் புதியவர் கையில், புதிய நாய்களின் நடுவே விடுதல் அதற்கு வேதனையாகவே முடியலாம். தடுப்பூசிகள் முற்றுப்பெறாத குட்டி, முதிர்ந்த நாய், நோயுற்றது, பிற நாய்களைக் கண்டால் நடுங்குவது அல்லது பாய்வது ஆகியவற்றுக்கும் காப்பகம் ஏற்றதன்று. வளர்ந்த நாய் பகற்பொழுதில் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். நாள் முழுதும் விளையாட்டு எல்லா நாய்க்கும் தேவையில்லை.

சேர்ப்பதற்கு முன்னர் நேரில் சென்று பார்த்தல் நன்று. தடுப்பூசிச் சான்று கேளாமல் நாயைச் சேர்த்துக்கொள்ளும் இடமாயின் உடனே திரும்பிவிடுங்கள். ரேபீஸ், டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய கொடிய நோய்களைத் தடுக்க ஊசிகள் உள்ளன. ரேபீஸ் நோயோ அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எப்போதும் மரணத்தையே தரும். பெரிய நாய்களையும் சிறிய நாய்களையும் பிரித்து வைக்கின்றனரா, எத்தனை நாய்களுக்கு ஓர் ஆள் இருக்கிறார், உண்ணிகளை ஒழிக்க என்ன செய்கின்றனர், அவசரத்திற்குக் கால்நடை மருத்துவர் அருகில் உள்ளாரா என்று தயங்காமல் கேளுங்கள். நம் நாட்டுக் கோடையில் நிழலும் குடிநீரும் காற்றோட்டமும் உயிர்நிலையானவை. நாய் நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. மூக்குச் சப்பையான பக் இனத்திற்கு இது இன்னும் கடினம். உள்ளே சென்று பார்க்க அனுமதி மறுக்கும் இடத்தில் உங்கள் நாயை விடாதீர்கள்.

முதல் நாளில் ஓரிரு மணி நேரம் மட்டும் விட்டுப் பாருங்கள். மாலையில் அது களைத்து வந்து, நீர் அருந்தி, நெடுநேரம் உறங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உணவை மறுத்தல், வயிற்றுப்போக்கு, வாலை ஒடுக்கி வாயிலிலேயே நின்றுவிடுதல், வீட்டாரைக் கண்டும் சோர்ந்திருத்தல் ஆகியவை தொடருமாயின், “இது எனக்கு வேண்டாம்” என்று அவ்வாயற்ற ஜீவன் சொல்வதாகக் கொள்ளுங்கள்.

காப்பகம் ஏற்காதெனில் வேறு வழியில்லையா? உண்டு. பணிக்குப் புறப்படுமுன் அரைமணி நேரம் நடத்திச் செல்லுங்கள். வேறு ஷிப்டில் பணியாற்றும் அண்டை வீட்டாரிடம் ஒரு வேளைச் சோறும் தண்ணீரும் வைக்கக் கேளுங்கள். அவர்கள் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்லுங்கால் நீங்கள் அவர்களுடைய நாயைப் பேணுங்கள். நம் குடியிருப்பில் இத்தகைய நட்புக்குக் குறைவில்லை. இது பணச்செலவற்றது, அயலாரன்பையும் வளர்ப்பது.

எவ்வாறாயினும் இரண்டு காரியங்களைச் செய்யலாகாது. ஒன்று, நாளெல்லாம் குறுகிய சங்கிலியில் கட்டிவைத்தல். மற்றொன்று, பணி ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது, சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு நாயைத் தெருவில் விட்டுச்செல்லுதல். பூட்டிய வாயிற்படியில் அது நாட்கணக்கில் காத்துக் கிடக்கும். பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டத்தினும் பெரியது ஒன்றுண்டு. பயன் தீர்ந்ததும் கைவிடலாம் என்ற பாடத்தை அன்று நம் பிள்ளைகள் நம்மிடம் கற்றுக்கொள்கின்றனர். அப்பாடத்தை முதுமையில் நம்மீதே அவர்கள் பயன்படுத்தக்கூடும் அன்றோ?

பெற்றோரே, செலவைப் பற்றியும் ஒரு சொல். காப்பகத்திற்கு மாதந்தோறும் பணம் கட்ட முடிகிற இல்லத்தில், முதிய தாய்தந்தையரின் மருந்துக்கும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் நியாயமான கூலிக்கும் தட்டுப்பாடு இருத்தலாகாது. முதலில் மனிதர்க்குரிய கடனைச் செலுத்துங்கள். பின்னர் நாய்க்குரியதைத் தாராளமாகச் செய்யுங்கள். அவ்வாறு செய்யும் இல்லத்தில் இரக்கம் குறைவுபடுவதில்லை. ஆண்டவர் நம்மிடம் ஒப்படைத்தவற்றை, அவரே கணக்குக் கேட்பார் என்ற நினைவோடு பேணுவோமாக!