செங்கல் சுமந்தவர் யார்?

கடந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் சபைக் குடும்பங்களைச் சேர்ந்த 22 பேர் ஒருநாள் பயணமாக ராஸ் தீவுக்குப் போய்வந்தோம். 2018 டிசம்பரில் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயரிடப்பட்டது. போர்ட் பிளேயரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஆயினும் நம் வீடுகளில் பழைய பெயர்களே இன்னும் வழங்குகின்றன.

தனி வண்டி அமர்த்தவில்லை. அரசுப் பேருந்தில் வந்து இறங்கி, அபர்தீன் கடைவீதியின் மணிக்கூண்டைக் கடந்து, படகுத்துறைக்கு நடந்தோம். புளிச்சோற்றுப் பொட்டலங்களை வாலிபர்கள் சுமந்தார்கள்.

எங்களோடு ஒரு தாயார் வந்திருந்தார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமியில் வீட்டை இழந்தார். நகரத்துக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டபின், பல ஆண்டுகள் கட்டட வேலையில் சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமந்து பிள்ளைகளை ஆளாக்கினார். அதற்குப்பின் ஒருமுறையும் படகேறாத அவர், என் மனைவியின் கையை இறுகப் பற்றி, ஜெபித்தபடியே ஏறினார். சிறிது நேரத்தில் அக்கரை சேர்ந்தோம்.

மிகச் சிறிய தீவு அது. ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆயினும் 1858 தொடங்கி எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தமான் முழுவதையும் ஆண்ட ஆங்கிலேயரின் தலைமையிடம் அதுவே. ரொட்டி அடுமனை, அச்சகம், நீச்சல் குளம், டென்னிஸ் மைதானம், ஆலயம் எல்லாம் அங்கே இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, மேட்டின்மேல் தலைமை ஆணையரின் மாளிகை நின்றது. 1941 ஜூன் 26-இல் பெரும் நிலநடுக்கம் தீவை உலுக்கிற்று. 1942 மார்ச்சில் ஜப்பானியர் அந்தமானைக் கைப்பற்றினர். 1943 டிசம்பர் இறுதியில் அந்தமான் வந்த நேதாஜி அம்மாளிகையில் தங்கினார். 1945-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தும், தலைமையிடம் ராஸ் தீவுக்குத் திரும்பவில்லை. 1979 முதல் நம் கடற்படை அதைப் பராமரித்து வருகிறது.

இன்று அம்மாளிகைக்குக் கூரையில்லை. ஆல், அத்தி மரங்களின் வேர்கள் சுவர்களை வளைத்துப் பிடித்திருக்கின்றன. சுவர் மரத்தைத் தாங்குகிறதா, மரம் சுவரைத் தாங்குகிறதா என்று சொல்வது கடினம். ஒருகாலத்தில் அதிகாரிகள் நடந்த இடத்தில் மான்கள் மேய்கின்றன. ஆலயத்தின் நிலையும் அதுவே.

பிள்ளைகள் மான்களைத் துரத்திக்கொண்டிருக்க, அந்தத் தாயார் மட்டும் ஒரு சுவரருகே நின்று, செங்கற்களைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். “ஐயா, இந்த மேட்டுக்கு இத்தனை செங்கல்லையும் சுமந்து ஏறினவர்கள் யார்?” என்று என்னிடம் கேட்டார்.

நான் படித்திருந்ததைச் சொன்னேன். 1858 மார்ச் 10-ஆம் நாள் மருத்துவர் வாக்கர் என்னும் அதிகாரி 200 கைதிகளோடு அந்தமானில் வந்து இறங்கினார். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். அவர்களும் பின்னர் வந்தவர்களும் காட்டை வெட்டினார்கள், நிலத்தைச் சமன்செய்தார்கள், கட்டடங்களை எழுப்பினார்கள். நோயாலும் கடும் உழைப்பாலும் அநேகர் மாண்டுபோனார்கள்.

“அவர்கள் பெயர் எங்கே எழுதியிருக்கிறது, ஐயா?”

மாளிகையில் வாழ்ந்தவர்களைப்பற்றிச் சொல்ல எனக்குச் செய்தி இருந்தது. சுமந்தவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியவில்லை. “தலையில் சும்மாடு வைத்து ஒருநாள் செங்கல் சுமந்தால், இரவெல்லாம் கழுத்து வலிக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் அமைதியாக நடந்தார்.

திரும்பிவரும் படகில் என்னால் பேச முடியவில்லை. அதன் காரணத்தை உங்களுக்கு மறைக்க விரும்பவில்லை. சென்ற ஆண்டு நாங்கள் வீடு கட்டினோம். போதகர் வந்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தார். சபையார் அனைவருக்கும் விருந்து கொடுத்தோம். ஆனால், பூச்சு வேலை செய்த கொத்தனாருக்கு ஒரு பகுதிக் கூலி பாக்கியிருந்தது. ஒரு சுவரில் வெடிப்பு விட்டதைக் காரணம் காட்டி, எட்டு மாதங்களாக அதைத் தள்ளிவந்தேன். அவரோடு வேலைசெய்த சித்தாள்களுக்கு நான் கொடுக்கவேண்டியதை அவரே கடன்வாங்கிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டும், கேளாதவன்போல் இருந்தேன். விருந்துக்கும் அவர்களில் ஒருவரையும் அழைக்கவில்லை.

மணலின்மேல் கட்டின வீட்டைப்பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அஸ்திபாரம் கன்மலையாயிருந்தும், சுவரில் ஏழையின் கூலி அடைபட்டிருந்தால் அந்த வீடு எப்படிப்பட்டது? எரேமியா 22-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தையும், யாக்கோபு 5-ஆம் அதிகாரம் 4-ஆம் வசனத்தையும் அன்றிரவு மனைவியோடு அமர்ந்து வாசித்தேன். நீங்களும் வாசித்துப் பாருங்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கொத்தனாரின் வீட்டைத் தேடிச் சென்று, பாக்கியைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன். அவர் பணத்தை எண்ணாமலே வாங்கிக்கொண்டு, “வெடிப்பை நான் வந்து சரிசெய்கிறேன், ஐயா” என்றார். அடுத்த வாரம் வந்தார். அன்று மதியம் எங்கள் மேசையில் உணவருந்தினார். வீட்டின் உண்மையான பிரதிஷ்டை அன்றுதான் நடந்ததாக என் மனைவி சொல்லுகிறாள்.

பிரியமானவர்களே, ஊரைவிட்டு வந்து, வாடகை வீடுகளில் ஆண்டுகளைக் கழித்து, வியர்வை சிந்திச் சொந்த வீடு கட்டுகிறவர்கள் நாம். கட்டுங்கள். கர்த்தர் உங்களுக்கு அந்த நன்மையைத் தரட்டும். ஆனால் பிரதிஷ்டைக்கு நாள் குறிக்குமுன்னே, கொடுக்கவேண்டிய கூலியைக் கணக்குப் பாருங்கள். கொத்தனார், சித்தாள், தச்சர் ஆகியோரின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்களை முதல் பந்தியில் உட்காரவையுங்கள்.

வாய்ப்புள்ளவர்கள் குடும்பமாக அத்தீவுக்கும் போய்வாருங்கள். புதன்கிழமைகளில் அது மூடப்படுவதுண்டு, முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த மாளிகையின் சுவரருகே சற்று நின்று, ஒரு செங்கல்லைத் தொட்டுப் பாருங்கள்.