பாபிலோன் ராஜாவைத் தப்பவிட்ட கதை

நம் சபைகளில் இந்தக் கதையைக் கேட்காதவர் அநேகமாக இருக்க முடியாது. படைப்புக்கு முன்னால் பரலோகத்தில் லூசிபர் என்றொரு தேவதூதன் இருந்தான். அழகிலும் ஞானத்திலும் அவனுக்கு இணையில்லை. துதி ஆராதனை முழுவதும் அவன் பொறுப்பு. பெருமை தலைக்கேறி, தேவனுக்கு மேலாகத் தன் சிங்காசனத்தை உயர்த்தப் பார்த்தான். தூதரில் மூன்றில் ஒரு பங்கை இழுத்துக்கொண்டு கீழே விழுந்தான். அன்றுமுதல் அவன் சாத்தான். ஏதேனில் பாம்பாய் வந்தவனும் அவனே, பெயெல்செபூலும் அவனே, பேலியாளும் அவனே. விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல்கிறோம்; கன்வென்ஷன் மேடையில் நேரில் பார்த்தவர்போல முழங்குகிறோம். கேட்கிறவர்கள் இது அப்படியே வேதத்தில் எழுதியிருக்கிறது என்று நம்பி வீட்டுக்குப் போகிறார்கள்.

வேதத்தின் எந்த அதிகாரத்திலும் இந்தக் கதை இல்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களைப் பற்றி எழுதப்பட்ட வசனங்களை ஒட்டவைத்துப் பிற்காலத்தார் உருவாக்கிய வாழ்க்கை வரலாறு இது. சின்னப் பிழைதானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் பெரிது.

ஏசாயா 14-ஐத் திறந்து, நேராக 12-ம் வசனத்துக்குத் தாவாமல், 4-ம் வசனத்திலிருந்து வாசியுங்கள். யார்மேல் பாடிய பாட்டு என்று அங்கேயே சொல்லியாகிவிட்டது: பாபிலோன் ராஜாவின்மேல். கொடுங்கோலன் செத்துவிட்டான், பூமி இளைப்பாறுகிறது. லீபனோனின் கேதுரு மரங்கள்கூட, இனி எங்களை வெட்ட யாரும் ஏறிவருவதில்லை என்று மகிழ்கின்றன. இதை வெறும் கவிதை அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. லெபனானில் வாடி பிரிசா என்ற பள்ளத்தாக்கின் பாறையில், அந்த மலைகளிலிருந்து கேதுரு மரங்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோன பெருமையை நேபுகாத்நேச்சார் தானே வெட்டி வைத்திருக்கிறான். கி.மு. 586 வாக்கில் எருசலேமை எரித்து, அதன் மக்களைச் சிறைபிடித்துப்போன அரசு அது. பாட்டில் பாதாளத்திலிருக்கும் செத்த ராஜாக்கள் எழுந்து, நீயும் எங்களைப்போலப் பலமற்றவனானாயோ என்று அவனைக் கேட்கிறார்கள். அவனுக்குப் புழுவே படுக்கை. 16-ம் வசனத்தில் அவனைப் பார்க்கிறவர்கள், பூமியைத் தத்தளிக்கச் செய்த *மனுஷன்* இவன்தானா என்கிறார்கள். அடுத்த வசனம் அவன் குற்றத்தைச் சொல்கிறது: சிறைப்பட்டவர்களை வீட்டுக்குப் போகவிடாதவன். தூதனுக்குப் பிணம் ஏது? புழு ஏது? கல்லறை மறுக்கப்படுவது எப்படி?

இந்த மனுஷனைத்தான் பாட்டு அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளி என்று இகழ்கிறது. உச்சத்துக்கு ஏறப் பார்த்து, சூரியன் வந்ததும் காணாமல்போகும் நட்சத்திரம். எபிரெயத்தில் ஹேலேல் என்றிருப்பதை லத்தீனில் 'லூசிபர்' என்று எழுதினார்கள்; விடிவெள்ளிக்கு அம்மொழியில் புழங்கிய சாதாரணச் சொல் அது. அதே லத்தீன் வேதாகமம் 2 பேதுரு 1:19-லும், விசுவாசிகளின் இருதயங்களில் உதிக்கும் வெளிச்சத்துக்கு லூசிபர் என்றே எழுதுகிறது. 4-ம் நூற்றாண்டில் சார்தீனியத் தீவின் காலியாரி நகரத்துக் கிறிஸ்தவப் பேராயரின் பெயரே லூசிபர். ஆரியுசின் போதனையை விடாப்பிடியாக எதிர்த்தவர் அவர். பிசாசின் பெயர் என்று அன்றைய சபை நினைத்திருந்தால் ஒரு பேராயர் அதைச் சுமந்து திரிந்திருப்பாரா?

1611-ல் வெளிவந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் வேதாகமம் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் ஆள்பெயராகவே விட்டுவைத்தது. நம் தமிழ்ப் பழைய திருப்புதல் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. விடிவெள்ளி என்று சரியாகவே எழுதியது. வெளிப்படுத்தின விசேஷம் 22:16-ல் இயேசு தம்மைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் நம் வேதாகமத்தில் விடிவெள்ளி என்றுதான் இருக்கிறது. கையில் நேர்மையான மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டே, அதில் இல்லாத ஒரு பெயரை ஆங்கிலப் பிரசங்கத்திலிருந்து இறக்குமதி செய்திருக்கிறோம். எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது.

ஏசாயாவின் பாட்டைச் சாத்தானுக்குச் சூட்டியவர்கள் தெர்த்துல்லியன், ஒரிகேன் போன்ற 3-ம் நூற்றாண்டு ஆசிரியர்கள். பெரிய மனிதர்கள்தான். ஆனால் ஜான் கால்வின் ஏசாயாவுக்கு எழுதிய விளக்கவுரையில், இந்த வாசிப்பு அறியாமையில் பிறந்தது என்று தயவுதாட்சணியமின்றி எழுதினார். சீர்திருத்தச் சபையின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இதையாவது படித்திருக்க வேண்டும்.

சாத்தான் என்ற பெயரும் நாம் நினைப்பதுபோல் நேரானதல்ல. எண்ணாகமம் 22-ல் பிலேயாமின் வழியை மறித்து எதிராளியாக நிற்பவர் கர்த்தருடைய தூதனானவர். எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் சாத்தான்தான். சாலொமோனுக்கு விரோதியாக எழும்பிய ஏதோமியனான ஆதாதுக்கும் அதே சொல். யோபுவின் புத்தகத்தில் சாத்தான் தேவபுத்திரர் நடுவில் வந்து நின்று, அனுமதி வாங்கிக்கொண்டு போகிறான். துரத்தப்பட்ட கலகக்காரனாக அல்ல, பரலோக மன்றத்தில் குற்றஞ்சாட்டுகிறவனாக. தாவீது மக்களைக் கணக்கெடுத்த சம்பவத்தைப் பாருங்கள். 2 சாமுவேல் 24-ல் அவனைத் தூண்டியது கர்த்தருடைய கோபம். சிறையிருப்புக்குப் பின் எழுதப்பட்ட 1 நாளாகமம் 21-ல் தூண்டியவன் சாத்தான். தீமைக்குத் தனியாக ஒரு முகத்தைத் தேடி மக்கள் மெல்ல மெல்ல நகர்ந்த வழி இந்த இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில் தெரிகிறது. ஆதியாகமம் 3-லோ பாம்பு பாம்புதான்; சாத்தானோடு சேர்த்து அதை வெளிப்படையாகப் பெயர் சொல்வது வேதாகமத்தின் கடைசிப் புத்தகம்.

பெயெல்செபூலின் கதை வேறு. அது பக்கத்து ஊர்க்காரனின் சாமி. 2 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில், சமாரியாவில் மேல்வீட்டுக் கிராதியின் வழியாய் விழுந்து அடிபட்ட அகசியா ராஜா, பிழைப்பேனா என்று கேட்கப் பெலிஸ்தரின் எக்ரோனுக்கு ஆளனுப்புகிறான். அங்கிருந்த தெய்வம் பாகால்சேபூப்; ஈக்களின் நாயகன் என்று பொருள்படும் பெயர். கானானியர் பாகாலைப் பிரபு என்ற பொருளில் 'செபுல்' என்றும் போற்றியதை உகரித் களிமண் பலகைகள் காட்டுகின்றன. அந்தப் பட்டத்தை எதிரிகள் ஏளனமாகத் திரித்ததே ஈக்களின் நாயகன் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். சுவிசேஷங்களின் காலத்துக்குள் அந்தத் தெய்வம் பிசாசுகளின் தலைவனாகிவிட்டது.

அடுத்தவரின் சாமியைப் பிசாசாக்கும் இந்த வேலை அங்கே நிற்கவில்லை. ராபர்ட் கால்டுவெல் 1849-ல் வெளியிட்ட நூலில் திருநெல்வேலிச் சீமை எளிய மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே விவரித்தார். தமிழுக்கு அவர் செய்த தொண்டை மதிக்கிறேன். ஆனாலும் அண்டைவீட்டான் கும்பிடும் சாமியைப் பிசாசு என்று பிரசங்கிக்கும் பழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. கொடை விழாவுக்குப் போன மைத்துனனோடு பேச்சை முறித்துக்கொண்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிளவுக்கு இந்தப் பெயர்க் குழப்பமும் ஒரு காரணம்.

பெயர்களைச் சேர்ப்பவர்கள் தங்களுக்குள்ளும் ஒத்துப்போனதில்லை. மில்டனின் காவியத்தில் பெயெல்செபூல் சாத்தானுக்கு அடுத்த நிலைத் தளபதி; பேலியாள் வேறொருவன். 16-ம் நூற்றாண்டில் சூனியக்காரரை வேட்டையாடிய ஜெர்மானிய ஆயர் பின்ஸ்பெல்டின் பெயரால் வழங்கும் பட்டியலில் பெருமைக்கு லூசிபர், கோபத்துக்குச் சாத்தான். இரண்டும் இரண்டு ஆட்கள். ஆனால் பேலியாள் பழைய ஏற்பாட்டில் ஆளே இல்லை. ஏலியின் பிள்ளைகளைப் பேலியாளின் மக்கள் என்றால், உதவாக்கரைகள், அக்கிரமக்காரர்கள் என்று பொருள். பிற்பாடுதான், சாக்கடல் சுருள்களை எழுதியவர்கள் போன்றோரிடத்தில், இருளின் படைத்தலைவனுக்கு அது பெயரானது.

வெளிப்படுத்தின விசேஷம் 12-ஐ மறந்துவிட்டாயா என்பார்கள். மறக்கவில்லை. வலுசர்ப்பம், பழைய பாம்பு, பிசாசு, சாத்தான் நான்கையும் ஒருவனாக்குவது அந்த அதிகாரம். அது சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே லூசிபரும் இல்லை, பெயெல்செபூலும் இல்லை. யுத்தம் நடப்பது பிள்ளை பிறந்து தேவனிடத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு. உலகம் உண்டாவதற்கு முன்பல்ல. வலுசர்ப்பத்தின் வால் இழுத்தது நட்சத்திரங்களில் மூன்றிலொரு பங்கை. இன்னொரு கேள்வியும் உண்டு. பாவம் செய்த தூதரை அந்தகாரச் சங்கிலிகளில் கட்டிவைத்திருப்பதாக யூதாவும் 2 பேதுருவும் சொல்கின்றன. பிசாசு சிங்கம்போல் சுற்றித்திரிகிறான் என்று 1 பேதுரு சொல்கிறது. கட்டுண்டவர்களும் திரிகிறவனும் எப்படி ஒரே கூட்டமாவார்கள்?

பரலோக இசைத் தலைவன் என்ற கற்பனை எங்கிருந்து வந்தது என்று தேடினால் எசேக்கியேல் 28:13-ல் போய் முட்டுகிறோம். பழைய திருப்புதலில் அங்கே மேளவாத்தியங்களும் நாகசுரங்களும் இருக்கின்றன. மூலத்தில் அந்தச் சொற்கள் தெளிவற்றவை. இரத்தினங்களைப் பதித்த வேலைப்பாடு என்றே பிற்கால மொழிபெயர்ப்புகள் பல எழுதுகின்றன. எப்படிப் படித்தாலும் அந்தப் புலம்பல் தீருவின் ராஜாவுக்கு உரியது. அதே அதிகாரத்தின் தொடக்கம் தீருவின் அதிபதியைப் பார்த்து, நீ தேவனல்ல, மனுஷன் என்று நேராகச் சொல்கிறது. 16, 18-ம் வசனங்கள் அந்த ராஜாவின் குற்றத்தையும் சொல்கின்றன: வியாபாரத்தின் மிகுதியால் பெருகிய கொடுமை, வியாபாரத்தின் அநீதி. தூதன் எந்தத் துறைமுகத்தில் வியாபாரம் செய்தான்? முந்தின அதிகாரத்தில் தீருவின் சரக்குப் பட்டியல் நீளமாக இருக்கிறது. வெள்ளி, ஈயம், யானைத்தந்தம், கருங்காலி, குதிரைகள், 13-ம் வசனத்தில் மனுஷர். அடிமைகளாக விற்கப்பட்ட மனுஷர். 28-ம் அதிகாரத்தைப் பிரசங்கிக்க எழும்பும் ஊழியர்கள் அதற்கு முன்னால் 27-ஐ ஒரு வசனமும் விடாமல் சபையில் வாசிக்கட்டும். அந்தப் புலம்பல் யார்மேல் என்பது அப்போது சபைக்கே தெரியும்.