பின்னிருக்கையில் அமர்பவர் யார்?



இம்மாதம் நமக்கு வந்த மடல்களுள் கீழக்கரைத் தம்பி ஒருவரின் மடல், இன்றைய இளைஞர் பலரின் உள்ளக்கிடக்கையை எடுத்துரைக்கிறது. இராமநாதபுரத்தில் பணியாற்றும் அவர் நான்கு ஆண்டுகளாக யமஹா ஆர்15 வண்டி ஓட்டி வருகிறார். அண்மையில்தான் நிக்காஹ் முடிந்துள்ளது. மாலையில் வீடு திரும்பும்போது மணிக்கட்டும் முதுகும் வலிக்கின்றனவாம். அதே நிறுவனத்தின் எம்டி-15 வண்டிக்கு மாறலாமா, மீதித் தொகைக்குத் தவணைக் கடன் பெறலாமா என்று கேட்கிறார். மடலின் இறுதியில், உம்மாவும் மனைவியும் தம் வண்டியில் ஏறவே அஞ்சுகிறார்கள் என்றும் ஒரு வரி எழுதியுள்ளார். அந்த ஒரு வரியே நம் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது.

முதலில் இவ்விரு வண்டிகளின் இயல்பைப் பார்ப்போம். ஆர்15 நம் நாட்டுச் சாலைகளுக்கு 2008ஆம் ஆண்டில் வந்தது. எம்டி-15 வந்தது 2019ஆம் ஆண்டில். இன்று இரண்டிலும் இருப்பது ஒரே 155 சி.சி. எஞ்சின்தான். வேறுபாடு எஞ்சினில் இல்லை. அமரும் முறையில் இருக்கிறது. ஆர்15 பந்தய வண்டியின் வார்ப்பு. கைப்பிடிகள் தாழ்ந்தும் கால்மிதிகள் பின்தள்ளியும் அமைந்திருக்க, ஓட்டுபவர் முன்னோக்கிக் குனிகிறார். காற்றைக் கிழித்துச் செல்ல முன்புறம் முழுவதும் ஃபேரிங் எனும் கவசம் உண்டு. எம்டி-15 அக்கவசம் இல்லாதது. அகன்று உயர்ந்த கைப்பிடியால் முதுகு ஏறத்தாழ நிமிர்ந்தே இருக்கும்.

குனிந்து அமர்வது வீண் அலங்காரமன்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி பெருகுகிறது. வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலும், 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் வீரர்கள் குனிந்து ஓட்டியது இதனாலேயே. விரைவாகச் செல்கையில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கி, கைகளின் சுமையைக் குறைக்கும். ஆனால் கடைத்தெருவில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கையில் அக்காற்று ஏது? உடலின் முன்பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. தம்பியின் வலிக்கு இது முக்கியக் காரணமாக இருக்கலாம். எனினும் நிற்காத வலியை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

ஆகவே அவர் ஒருவருக்காக மட்டும் என்றால், இம்மாற்றம் பொருத்தமானதே. குறுகிய தெருக்களில் திருப்பவும் அகன்ற கைப்பிடி எளிது. இழப்பும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெடுந்தொலைவு செல்கையில் காற்று நேரே மார்பில் மோதும். எரிபொருள் கலமும் பதினொரு லிட்டரிலிருந்து பத்தாகக் குறையும்.

ஆனால் தம்பி இப்போது தனியர் அல்லர். அவர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. ஆர்15 வண்டியின் இருக்கை உயரம் 815 மில்லிமீட்டர், எம்டி-15இல் 810. ஐந்து மில்லிமீட்டர்தான் வேறுபாடு! பின்னிருக்கையோ இரண்டிலும் அதைவிட உயர்ந்தது, சிறியது. மூட்டுவலியுள்ள ஒரு தாய் அதில் ஏறுவதே அரிது. ஒருபக்கமாக அமர்ந்து செல்வது ஆபத்து. ஓட்டுபவரின் முதுகுவலி தீரலாம். உம்மாவின் அச்சம் அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். நம் பெண்மக்கள் அணியும் புர்காவின் ஓரமோ துப்பட்டியின் முனையோ சங்கிலியிலும் சக்கரத்திலும் சிக்கினால் நொடிப்பொழுதில் கீழே இழுத்துவிடும். பின்னமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அழகு கெடுகிறதென்று அச்சேலைத் தடுப்பைக் கழற்றி வீசும் இளைஞர்கள், தாம் கழற்றுவது யாருடைய பாதுகாப்பை என்பதைச் சிந்திக்கட்டும். தலைக்கவசமும் பின்னால் இருப்பவருக்குச் சேர்த்தே சட்டம் விதித்ததாகும்.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒட்டகத்தருகே அமர்ந்து தம் முழங்காலைக் கொடுக்க, அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் அதன்மீது கால்வைத்து ஏறிய செய்தியை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பின்னே ஏறுபவரின் வசதியைக் கவனிப்பது ஓட்டுபவரின் கடமை என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமோ?

இனிக் கடனைப் பற்றி. தவணைக் கடனுடன் வட்டியும் வீட்டினுள் நுழைகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி ஒன்று கையிலிருக்க, மற்றொன்றுக்காக அந்தப் பாவச்சுமையை ஏற்க என்ன நிர்ப்பந்தம்? ஜமாஅத் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்கலாமே எனச் சிலர் கூறுவர். நோயாளிக்கும் வறியவர்க்கும் பயன்பட வேண்டிய நிதியை இதற்குக் கேட்பது அழகன்று. 350 சி.சி. வரையுள்ள வண்டிகளின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மைதான். ஆயினும் புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் கூடவே இறங்கும் என்பதை மறந்துவிடலாகாது.

எனவே தம்பிக்கு நாம் சொல்வது இது. இப்போதைக்கு இருக்கும் வண்டியையே வைத்துக்கொள்ளுங்கள். மீதித் தொகையை மாதந்தோறும் சேமியுங்கள். தொகை சேர்ந்ததும் உம்மாவையும் மனைவியையும் விற்பனை நிலையத்திற்கு அழைத்துச் சென்று, ஒவ்வொரு வண்டியின் பின்னிருக்கையிலும் அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் முகம் சுளிக்காத வண்டியே உங்கள் வண்டி. அது எம்டி-15 ஆக இராமல், தாழ்ந்து நீண்ட இருக்கையுள்ள சாதாரண வண்டியாகவோ ஸ்கூட்டராகவோ இருக்கக்கூடும். அதனால் உங்கள் இளமைக்கு ஒரு குறையும் வந்துவிடாது. பழையதை விற்கும்போது 29, 30 எண் படிவங்களைக் கொடுத்துப் பதிவுச் சான்றில் பெயர் மாற்றம் நிறைவேறியதை உறுதி செய்யுங்கள். இல்லையெனில் பிறர் செய்யும் விபத்துக்கு நீங்கள் நீதிமன்றப் படியேற நேரிடும்.

முன்னிருக்கையின் ஆசையைச் சில ஆண்டுகள் ஒத்திவைக்கலாம். பின்னிருக்கையின் பாதுகாப்பை ஒருநாளும் ஒத்திவைக்க இயலாது. வல்ல அல்லாஹ் நம் பயணங்கள் அனைத்தையும் நலமாக்கி வைப்பானாக, ஆமீன்.